பன்னீர் திராட்சையில் ஆரம்பித்து ஒயின் ருசிக்கப் பழகுவது

கையில் ஒரு கொத்து பன்னீர் திராட்சை எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டில், கிளாஸ் எல்லாம் அப்புறம். தேனி மாவட்டத்துக் கம்பத்திலிருந்து சுருளிப்பட்டி பக்கம் போனால் ரோட்டுக்கு இரண்டு புறமும் பந்தல்தான். மகாராஷ்டிராவில் தையில் தொடங்கிச் சித்திரைக்குள் அறுப்பு முடிந்துவிடும். நம் பக்கம் தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்தை, அதாவது கொடி வெட்டுவதை, தள்ளித் தள்ளிப் பண்ணுவதால் எந்த மாதம் போனாலும் ஏதோ ஒரு பந்தலில் கறுத்த குலை தொங்கிக்கொண்டிருக்கும், அதனால் இந்தப் பாடத்துக்கு சீசன் பார்க்க வேண்டியதில்லை.

ஒரு பழத்தைப் பிதுக்கித் தோலைத் தனியாக, சதையைத் தனியாக, கொட்டையைத் தனியாக வையுங்கள். முதலில் சதை. இனிப்பு, கூடவே நாக்கின் ஓரங்களில் எச்சில் ஊறவைக்கும் புளிப்பு. நிறத்தைப் பாருங்கள், கறுப்புப் பழம்தான், ஆனால் சதையில் கறுப்பே இல்லை, சாறு வெளிறித்தான் இருக்கும். அடுத்து தோலை மட்டும் முன்பல்லால் அரை நிமிடம் விடாமல் மெல்லுங்கள். கன்னத்தின் உள்பக்கமும் ஈறும் இழுத்துப் பிடிக்கும், வாழைப்பூவைச் சரியாக ஆயாமல் சமைத்தால் இழுக்குமே, அந்த மாதிரி. கடைசியாகக் கொட்டையை ஒரு கடி கடித்துத் துப்பிவிடுங்கள், கசப்பும் துவர்ப்பும் சேர்ந்து வரும்.

ஒயினில் பாதி விஷயம் இதற்குள் வந்துவிட்டது. சாற்றைத் தோலோடும் கொட்டையோடும் சேர்த்தே நொதிக்க விட்டால் சிவப்பு ஒயின், நிறமும் துவர்ப்பும் தோலிலிருந்து இறங்குகிறது. சாற்றைப் பிழிந்து சக்கையை ஒதுக்கிவிட்டு நொதிக்க விட்டால் வெள்ளை. கொஞ்ச நேரம் மட்டும் தோலோடு விட்டு எடுத்தால் ரோஸே, இளஞ்சிவப்பு. பிரான்சின் ஷாம்பெயின் பகுதியில் பினோ நுவார் என்கிற கறுப்புத் திராட்சையிலிருந்தே வெளிர் நிறத்தில் நுரைக்கிற ஒயின் எடுக்கிறார்கள் என்றால் ஆச்சரியப்பட வேண்டாம், நீங்கள் இப்போது பிதுக்கிப் பார்த்த அதே சங்கதிதான்.

சரி, வாசனைக்கு வருவோம். இந்தப் பழத்துக்குப் பன்னீர் என்று பேர் வைத்தது யாரோ, நல்ல மூக்கு இருந்திருக்கிறது. கல்யாண மண்டப வாசலில் பன்னீர்ச் செம்பு தெளிக்கும்போது வருமே, அந்த ரோஜா வாசம் பழத்துக்குள் இருக்கிறது. இதன் வெளிநாட்டுப் பேர் மஸ்கட் ஹாம்பர்க். மஸ்கட் ஆஃப் அலெக்சாண்ட்ரியா என்கிற பழைய வெள்ளை ரகமும் ஷியாவா குரோசா என்கிற கறுப்பு ரகமும் சேர்ந்து பிறந்த பிள்ளை. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. மஸ்கட் குடும்பத்துக்கு என்று ஒரு தனிக் குணம் உண்டு: மற்ற ஒயின்களில் திராட்சை வாசனையே இருக்காது, வேறு என்னென்னமோ வாசனைதான் வரும், மஸ்கட்டில் மட்டும் பழத்தைக் கடித்தால் வருகிற வாசனையே ஒயினிலும் வரும். லினலூல், ஜெரனியால் என்கிற பொருள்கள்தான் காரணம். இந்த லினலூல் ஏலக்காயிலும் மல்லி விதையிலும் இருக்கிறது. ஆக, கம்பத்துக்காரர் ஒருவர் முதன்முதலாக மஸ்கட் ஒயினை முகர்ந்தால் "இது நம்ம தோட்டம்தானே" என்று சொல்லாமல் இருக்க முடியாது.

நான் இதிலிருந்து தொடங்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒயின் பற்றி எதைப் படித்தாலும் பிளாக்கரன்ட், ராஸ்பெர்ரி, கூஸ்பெர்ரி என்று ஒரு பட்டியல் வரும். நம்மில் பெரும்பாலானோர் அந்தப் பழங்களைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. பார்க்காத பழத்தின் வாசனையை மனப்பாடம் செய்து ஒயினில் தேடிக்கொண்டிருந்தால் ஒன்றும் கிடைக்காது, நமக்கு மூக்கே இல்லையோ என்ற சந்தேகம்தான் வரும். நமக்கு இருப்பது மிக நல்ல மூக்கு. மலையடிவாரத்து லோயர் கேம்ப்பிலிருந்து மேலே ஏறிக் கேரள எல்லையில் இருக்கும் குமுளி பஜாரில் இறங்கி நின்றாலே போதும், கிராம்பு, பட்டை, மிளகு, ஜாதிபத்திரி, ஏலம், காப்பிக்கொட்டை எல்லாம் ஒரே காற்றில் வந்து சேரும். ஏலக்காய் ஏலத்துக்குப் போடிக்கும் புற்றடிக்கும் போகிற வியாபாரிகள் இரண்டு காயை உள்ளங்கையில் போட்டுப் பார்த்துத் தரம் சொல்கிறார்கள். தேயிலை பேக்டரியில் ருசி பார்ப்பவர் ஒரு கரண்டித் தேநீரைச் சத்தத்தோடு உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றி, துப்பிவிட்டு அடுத்த கோப்பைக்குப் போகிறார். ஒயின் ருசிப்பவர் செய்வதும் அச்சு அசல் இதேதான். இந்த மலையடிவாரத்தில் பிறந்தவர்களுக்கு இது அந்நிய வித்தை இல்லை.

முதலில் மூக்கு

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்துப் பன்னிரண்டு சின்ன டம்ளர் எடுத்து ஒவ்வொன்றிலும் ஒரு பொருள் போடுங்கள். தட்டிய மிளகு, கிராம்பு, பட்டை, வெனிலா, துருவிய தேங்காய், நறுக்கிய குடைமிளகாய், பழுத்த கொய்யா, தாட்பூட் பழம் (பேஷன் ஃப்ரூட்), எலுமிச்சைத் தோல், நாவல் பழம் கிடைத்தால் அது, ஈரச்சாக்கில் ஒரு துண்டு, காடியில் (வினிகர்) நனைத்த பஞ்சு. மேலே ஒரு தட்டு போட்டு மூடிவிட்டு, வீட்டில் ஒருவரை மாற்றி மாற்றி நீட்டச் சொல்லுங்கள். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு பேர் சொல்ல வேண்டும். தினமும் சமையலில் போடுகிற கிராம்பையே பார்க்காமல் முகர்ந்தால் பேர் நாக்கு நுனியில் நின்றுகொண்டு வெளியே வராது. மூக்குக்குத் தெரியும், வாய்க்கு எட்டவில்லை, அவ்வளவுதான். நாலைந்து வாரம் செய்தால் தானாக வந்துவிடும்.

நான் அடுக்கிய ஒவ்வொன்றுக்கும் ஒயினில் வேலை இருக்கிறது. மிளகு வாசனை ஷிராஸ் ஒயினில் வருகிறது என்றால் அது வெறும் உவமை இல்லை. ரோட்டண்டோன் என்ற ஒரே பொருள்தான் குமுளி மிளகிலும் ஷிராஸ் திராட்சைத் தோலிலும் இருக்கிறது, ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் 2008இல் இதைக் கண்டுபிடித்தார்கள். ஐந்தில் ஒருவருக்கு இந்தப் பொருளின் வாசனை மூக்கில் ஏறவே ஏறாதாம், அதனால் பக்கத்தில் இருப்பவர் மிளகு என்று சொல்லி உங்களுக்கு வராவிட்டால் அது உங்கள் தப்பு இல்லை. கிராம்பு, வெனிலா, தேங்காய் இந்த மூன்றும் திராட்சையிலிருந்து வருவதில்லை, ஒயினை ஊறவைக்கிற ஓக் மரப் பீப்பாயிலிருந்து வருகின்றன. கிராம்பில் இருக்கும் யூஜினால் சுட்ட ஓக் மரத்திலும் உண்டு, தேங்காய் வாசனை தூக்கலாக இருந்தால் பெரும்பாலும் அமெரிக்க ஓக். குடைமிளகாய் வாசனை கேபர்நே சாவின்யோன் என்கிற கறுப்புத் திராட்சை ஒயினிலும் சாவின்யோன் பிளாங்க் என்கிற வெள்ளைத் திராட்சை ஒயினிலும் வரும். இரண்டுக்கும் பொதுவாக அது இருப்பதில் நியாயம் உண்டு, கேபர்நே சாவின்யோன் பிறந்ததே கேபர்நே பிராங்கும் சாவின்யோன் பிளாங்கும் கலந்துதான் என்று 1990களில் மரபணு பார்த்துச் சொன்னார்கள். கொய்யாவும் தாட்பூட் பழமும் நியூசிலாந்தின் மார்ல்பரோ சாவின்யோன் பிளாங்கில் கிளாஸைத் தூக்குவதற்கு முன்னாலேயே முகத்தில் அடிக்கும்.

வெயில், கிளாஸ், படிக்கம்

சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்று எழுதியிருப்பார்கள். அது குளிர்நாட்டுக் கல்வீட்டு அறை, 16, 18 டிகிரி. நம் பக்கம் பங்குனியில் அறைக்குள் 33 டிகிரி, அந்தச் சூட்டில் எந்தச் சிவப்பும் சாராய நெடியாகத்தான் தெரியும். அதனால் சிவப்பை ருசி பார்ப்பதற்கு முன் முக்கால் மணி நேரமாவது ஃபிரிட்ஜில் வையுங்கள். வெள்ளைக்கு நேர்மாறு, ஃபிரிட்ஜின் 4 டிகிரியிலிருந்து எடுத்த உடனே முகர்ந்தால் வாசனை பூட்டிக்கிடக்கும், பத்து நிமிடம் வெளியே வைத்தால் திறந்துகொள்ளும். இந்த ஒரு மாற்றத்தைச் செய்தாலே நீங்கள் வாங்குகிற ஒயின் இரண்டு மடங்கு நல்ல ஒயினாகிவிடும், இதை மட்டும் நம்பிச் செய்யுங்கள்.

கிளாஸ் மெல்லியதாக, அடி அகன்று வாய் குறுகி இருந்தால் போதும். எவர்சில்வர் டம்ளர் வேண்டாம், நிறமும் தெரியாது, வாசனையும் நிற்காது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள். 750 மில்லி பாட்டிலில் ஆளுக்கு 50 மில்லி என்றால் பதினைந்து பேர் ருசிக்கலாம், எனவே நாலு பேர் காசு போட்டு மூன்று பாட்டில் வாங்கி ஒரே நாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம். தனியாக ஒரு பாட்டிலை உட்கார்ந்து முடிப்பதில் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை. காலை பத்து, பதினோரு மணி நல்ல நேரம். அன்றைக்கு ஊதுபத்தி, தலையில் மல்லிகை, சந்தன சோப்பு, வெற்றிலை, ஸ்ட்ராங் காப்பி எதுவும் கிட்டே வரக்கூடாது.

துப்புவதற்குப் பாத்திரம் வேண்டும். பரணில் தாத்தா காலத்துப் பித்தளைப் படிக்கம் கிடந்தால் புளி போட்டுத் துலக்கி எடுத்துவையுங்கள், அதைவிடப் பொருத்தமான பாத்திரம் கிடையாது. துப்புவது மரியாதைக்குறைவு என்று நினைக்காதீர்கள், மூன்றாவது கிளாஸுக்கு மேல் விழுங்கிக்கொண்டே போனால் நாக்கு மரத்து எல்லாமே நன்றாக இருப்பதுபோல் தெரியும்.

கிளாஸைச் சாய்த்து வெள்ளை வேட்டிக்கு எதிரே பிடித்து நிறத்தைப் பாருங்கள். சிவப்பு வயசானால் ஓரம் செங்கல் நிறத்துக்குப் போகும், வெள்ளை வயசானால் தேன் நிறத்துக்கு வரும். கண்ணாடியில் வடிகிற கோடுகளைப் பார்த்துத் தரம் சொல்கிறவர்கள் உண்டு, அது ஆல்கஹால் எவ்வளவு என்பதைத்தான் காட்டும், தரத்தை இல்லை. அப்புறம் சுழற்றாமல் ஒரு முறை முகருங்கள், சுழற்றிவிட்டு ஒரு முறை. டீக்கடையில் மாஸ்டர் உயரத் தூக்கி ஆற்றும்போது கடை முழுக்க வாசனை பரவுகிறதே, சுழற்றுவதும் அதற்குத்தான். குட்டிக் குட்டியாக முகருங்கள், நீளமாக இழுத்தால் மூக்கு களைத்துவிடும். களைத்துவிட்டால் உங்கள் முழங்கையை முகர்ந்துவிட்டுத் திரும்ப வாருங்கள்.

ஒரு வாய் எடுத்து உடனே விழுங்காமல், உதட்டைக் குவித்துக் கொஞ்சம் காற்றை உள்ளே இழுத்து, வாய் முழுக்கப் படரவிடுங்கள். துப்பியதும் மூக்கு வழியாக மூச்சை விடுங்கள், அப்போது தொண்டைப் பக்கமிருந்து இன்னொரு வாசனை ஏறிவரும், பல சமயம் முதலில் வந்ததைவிடத் தெளிவாக. ருசி எத்தனை விநாடி நிற்கிறது என்று மனசுக்குள் எண்ணுங்கள். மூன்றில் போய்விட்டால் சாதாரணம், பத்தைத் தாண்டினால் நல்ல சரக்கு.

துவர்ப்பு என்று ஒரு சொல்

இங்கே தமிழுக்கு ஒரு பெரிய அனுகூலம் இருக்கிறது. ஒயினின் துவர்ப்புக்குக் காரணமான டானின் என்பதை விளக்க வெளிநாட்டில் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். நமக்கு ஆறு சுவையில் ஒன்று அது. நெல்லிக்காயின் துவர்ப்பு, நாவல் பழத்தின் துவர்ப்பு, வாழைப்பிஞ்சின் துவர்ப்பு, கடுக்காயின் துவர்ப்பு, கொதிக்கவிட்டு மறந்துபோன கடுந்தேநீரின் துவர்ப்பு, ஐந்தும் வேறு வேறு என்று நம் வீட்டுச் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஒயினில் துவர்ப்பு வந்தால் "துவர்க்கிறது" என்று நிறுத்தாமல் எது மாதிரி என்று கேளுங்கள். இத்தாலியின் பரோலோ, நெபியோலோ என்ற திராட்சையில் செய்வது, பார்க்க வெளிறி இருக்கும், வாயில் கடுந்தேநீர். பினோ நுவார் பெரும்பாலும் நாவல் பழ அளவில் லேசாகப் பிடித்துவிட்டுப் போகும். மெர்லோ வழவழப்பு.

புளிப்பை எச்சிலை வைத்து அளங்கள். துப்பிய பிறகு வாய் எவ்வளவு ஊறுகிறதோ அவ்வளவு புளிப்பு. கனத்தைப் பாலை வைத்து அளக்கலாம், தண்ணீர் கலந்த பால் ஒரு பக்கம், எருமைப்பால் ஒரு பக்கம். இனிப்புக்கு மட்டும் எச்சரிக்கை: பழ வாசனை தூக்கலாக இருந்தால் சர்க்கரையே இல்லாத ஒயின்கூட இனிப்பதுபோல் தோன்றும். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் குடித்துப் பாருங்கள், உண்மை தெரிந்துவிடும்.

ஊருக்கு ஊர் ஏன் மாறுகிறது

வெயில் ஏற ஏறப் பழத்தில் சர்க்கரை ஏறும், புளிப்பு இறங்கும். மீதியெல்லாம் இதன்மேல் கட்டியதுதான். ஜெர்மனியில் மோசல் ஆற்றங்கரைச் சரிவில் குளிரில் விளைகிற ரீஸ்லிங்கில் 8, 9 சதவீத ஆல்கஹாலில்கூட ஒயின் வரும், புளிப்பு கத்தி மாதிரி. ஆஸ்திரேலியாவின் பரோசாவில் வெயிலில் பழுத்த ஷிராஸ் 14 சதவீதத்தைத் தாண்டும், கனமாக, ஜாம் போல. அதே திராட்சையைப் பிரான்சின் வடக்கு ரோன் பகுதியில் சிரா என்பார்கள், அங்கே மெலிந்து, மிளகு முன்னால் வந்து நிற்கும். ஒரே ரகத்தை இரண்டு ஊரிலிருந்து வாங்கி அருகருகே வைப்பதுதான் இதைக் கற்க ஒரே வழி, படித்துத் தெரிந்துகொள்ள முடியாது.

லேபிளில் ஒரு குழப்பம் வரும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, சிலி, இந்தியாவில் திராட்சையின் பேரைப் போடுவார்கள். பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயினில் பெரும்பாலும் ஊர்ப்பேர்தான். நாம் திண்டுக்கல் பூட்டு, மணப்பாறை முறுக்கு என்பதுபோல. பர்கண்டி சிவப்பு என்றால் பினோ நுவார், வெள்ளை என்றால் ஷார்டனே. கியான்டி என்றால் சான்ஜியோவேசே. ரியோஹா சிவப்பு என்றால் முக்கியமாக டெம்ப்ரனியோ. போர்தோ சிவப்பு என்றால் பெரும்பாலும் கேபர்நேயும் மெர்லோவும் கலந்தது. சிலியில் மெர்லோ என்று நினைத்துப் பல காலம் வளர்த்துவந்த கொடிகளில் நிறைய கார்மனேர் என்கிற வேறு ரகம் என்று 1994இல்தான் தெரியவந்தது. விவசாயிகளே ஏமாந்திருக்கிறார்கள், நாம் தடுமாறினால் குற்றமில்லை.

கைக்கெட்டும் விலையில் தொடங்க நாசிக் ஒயின்களும் பெங்களூருக்கு வடக்கே நந்தி மலை அடிவாரத்து ஒயின்களும் போதும். ஷெனின் பிளாங்க், சாவின்யோன் பிளாங்க், ஷிராஸ் இந்த மூன்றை ஒரே நாளில் இந்த வரிசையிலேயே ருசியுங்கள். கடையில் போர்ட் ஒயின் என்ற பேரில் கிடைக்கும் மலிவான இனிப்புச் சரக்கை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். உண்மையான போர்ட் போர்ச்சுகலின் டோரோ பள்ளத்தாக்கில், நொதிக்கும்போதே திராட்சைச் சாராயம் சேர்த்து நிறுத்துவது, 20 சதவீதம் வரை போகும். குமுளிக்கு அந்தப் பக்கம் கிறிஸ்துமஸுக்கு வீட்டில் பரணியில் போடுகிற ஒயின் வேறு பண்டம். பட்டையும் கிராம்பும் சர்க்கரையும் சேர்ந்து திராட்சையை மூடிவிடும், கேக்கோடு அருமையாக இருக்கும், ரகம் கண்டுபிடிக்க உதவாது. அதைச் செய்யும் முறையை நான் எழுதவில்லை, உரிமம் இல்லாமல் போடுவது இரண்டு மாநிலத்திலும் சட்டத்துக்கு ஒத்துவராது.

கெட்டுப்போனதைக் கண்டுபிடியுங்கள்

நான் ஒருமுறை ஒரு கடையில் நல்ல விலை கொடுத்து ஒரு வெள்ளை ஒயின் வாங்கினேன். மாலை வெயில் நேராக விழுகிற அலமாரியில் எத்தனை மாதம் நின்றதோ, திறந்தால் வெந்த ஆப்பிளும் பழைய தேனும் கலந்த வாசனை, நிறம் டீத்தண்ணி. நான்கு பேர் கூடியிருந்தோம், ஒருவரும் இரண்டாவது வாய் வைக்கவில்லை. அன்றிலிருந்து வாங்கும்போது பாட்டில் நிற்கும் இடத்தைத்தான் முதலில் பார்க்கிறேன். நம் ஊர்ச் சூட்டில் ஒயினுக்கு முதல் எதிரி வெயில். தக்கை மேலே துருத்தியிருந்தால் வாங்காதீர்கள், சூட்டில் விரிந்திருக்கிறது. ஒரே சரக்கில் திருகு மூடி போட்டதும் தக்கை போட்டதும் இருந்தால் திருகு மூடியை எடுங்கள். ஈரச்சாக்கு வாசனை வந்தால் தக்கையிலிருந்து பூஞ்சைப் பொருள் இறங்கியிருக்கிறது, காடி வாசனை வந்தால் பாக்டீரியா புகுந்திருக்கிறது. தீக்குச்சி கொளுத்திய வாசனை மட்டும் பயப்பட வேண்டாதது, கந்தகம், சுழற்றினால் போய்விடும்.

சாப்பாட்டோடு என்றால் ஒரு விதி போதும்: காரம் ஏற ஏறத் துவர்ப்பும் ஆல்கஹாலும் இறங்க வேண்டும். மிளகு போட்ட மட்டன் சுக்காவுக்குக் கனத்த கேபர்நே ஊற்றினால் வாய் எரியும், லேசாக இனிக்கும் ஷெனின் பிளாங்கோ ரீஸ்லிங்கோ ஜில்லென்று இருந்தால் எரிச்சல் அடங்கும். தேங்காய்ப்பாலில் செய்த மீன் மோலிக்கு வெள்ளைதான். சிவப்பு ஒயினில் இருக்கும் இரும்பு மீனோடு சேர்ந்தால் கவிச்சி அடிக்கும். கேரளத்து மாட்டிறைச்சி வறுவலான உலர்த்தியதுக்கு, காரம் மட்டாக இருந்தால், ஷிராஸ். மிளகோடு மிளகு சேர்கிறது.

வயசு வரம்பு நம் பக்கம் 21, கேரளத்தில் 23. வேறு மாநிலத்தில் வாங்கியதை அங்கேயே ருசித்துவிட்டு வாருங்கள், செக்போஸ்டில் பாட்டிலோடு நிற்பது வீண் தொல்லை. துப்பினாலும் கொஞ்சம் உள்ளே போகத்தான் செய்யும், அந்த நாளில் குமுளி மலை ரோட்டின் வளைவுகளில் நீங்கள் வண்டி ஓட்டக்கூடாது, ருசிக்காத ஒருவர் ஓட்டட்டும்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி ஒவ்வொரு ஒயினுக்கும் நாலு வரி எழுதுங்கள். நிறம், வாசனை, வாயில் என்ன நடந்தது, இன்னொரு முறை வாங்குவீர்களா. பாட்டிலைச் செய்தித்தாளில் சுற்றிவிட்டு, விலை தெரியாமல் எழுதினால் இன்னும் நல்லது. மிச்சத்தை நன்றாக மூடி ஃபிரிட்ஜில் வைத்து, சிவப்பாக இருந்தாலும்தான், மூன்றாம் நாள் அதே கிளாஸில் ஊற்றி, முதல் நாள் எழுதியதைப் பார்க்காமல் மறுபடியும் நாலு வரி எழுதுங்கள், அப்புறம் இரண்டு பக்கத்தையும் சேர்த்து வைத்துப் படியுங்கள்.